காரணம் என்னும் கட்டம்

டர்பன் துறைமுகம், மீன் குளிர்கிடங்கு எண் நான்கு.
என் மேசை கதவுக்கு இந்தப் பக்கம்,
ஜூலையிலும் சட்டைக் கையை மடித்துவிடக்கூடிய பக்கம்.

பேரேட்டில் ஐந்து கட்டங்கள்.
தேதி, பெயர், சேதம், பிடித்தம், காரணம்.
மிஸ்டர் ரென்ஷா சொல்வார், நான் எழுதுவேன்.
சவுந்திரி படையாச்சி. ஹேக் மீன், ஒரு தட்டு. இருபது சென்ட். கிளம்சி.
சிபோங்கிலே ம்கீஸே. இறால், இரண்டு பெட்டி. நாற்பது. கிளம்சி.
மறுபடி சவுந்திரி.
மூன்றாவது தடவை சொல்லை எழுதமாட்டேன்,
அதன் கீழே இரண்டு சிறு கோடு போடுவேன்.
மேலே உள்ளதே என்று அர்த்தம்.
எழுத்துப்பிழை ஒருநாளும் விட்டதில்லை.
அதற்காகத்தான் எனக்கு நாற்காலி தந்தார்கள்.

இதே சவுந்திரி
சாட்ஸ்வொர்த் பேருந்து மேட்டில் திணறி ஏறும்போது
ஊசியில் நூல் கோப்பவள்.
ஒரே குத்து. எச்சில்கூடத் தொடமாட்டாள்.

சம்பள நாளில் என் ஜன்னலில் நின்று கேட்டாள்:
“அந்தக் கடைசிக் கட்டத்தில என்ன போட்டிருக்கு?”
தமிழில் சொல்லப் பார்த்தேன்.
தடுமாற்றம் என்றால் அது குடித்தவனுக்கு.
கவனக்குறைவு என்றால் அவள் ஒப்பமாட்டாள்.
நம் வீட்டில் தட்டு விழுந்தால்
கை தவறிடுச்சு என்போம்.
தவறியது கை.
ஆள் பக்கத்தில் நின்று
நம்மோடு சேர்ந்து பதறுவாள்.
இந்தச் சொல்லோ கையைத் தாண்டிப் போய்
படையாச்சிக்கு அடுத்த பெயராக
ஒட்டிக்கொள்கிறது.
“இங்கிலீஷ்ல ஏதோ” என்று சொல்லி
சில்லறையைத் தள்ளினேன்.

விக்டோரியா தெரு நடைபாதையில் வாங்கிய
அட்டை போன அகராதி ஒன்று வீட்டில் உண்டு.
பொருளுக்குக் கீழே, எறும்பு எழுத்தில்,
சொல் வந்த வழி போட்டிருந்தது.
வடகடல் தாண்டி வந்த பழைய வினை:
குளிரில் விறைத்துப்போதல்.
அவ்வளவுதான் முதலில்.
பனியில் வலை இழுத்த எவனுக்கோ
விரல் மடங்கவில்லை, அதற்கு ஒரு சொல்.
பிறகு அடுப்பருகே உட்கார்ந்திருந்தவர்கள்
அதை எடுத்துக்கொண்டார்கள்.
குளிரைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு
ஆளை மட்டும் உள்ளே கூட்டிவந்தார்கள், சிரிக்க.

நம்மிடம் மரத்துப்போச்சு இருக்கிறது.
விரல் மரமாகிப்போன சொல்.
அதில் இன்னும் குளிர் மிச்சமிருக்கிறது,
நாம் அதை வசவாக்கவில்லை என்று
ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன்.
மரமண்டை ஞாபகம் வந்தது.
சரி, நாமும்தான்.

செப்டம்பர் கடைசியில் சரக்குக் கணக்கு.
ரென்ஷா என்னை உள்ளே அனுப்பினார்.
கழித்தல் பதினெட்டு.
மூச்சு வெள்ளையாக வந்து முகத்திலேயே மோதியது.
சிபோங்கிலே கையுறையைத் தூக்கிக் காட்டினாள்:
விரல் நுனிகளை வெட்டியிருந்தார்கள்,
வேலை வேகமாக நடக்கட்டும் என்று.
பத்தாவது நிமிடம் என் பேனா எழுதவில்லை.
சவுந்திரி பென்சில் தந்தாள்.
ஏழு என்று நினைத்து எழுதினேன், ஒன்று வந்தது.
பென்சில் விழுந்தது. எடுத்தேன்.
மறுபடி விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை, யாரும்
எந்தக் கட்டத்திலும் எதுவும் எழுதவில்லை.
அவள் அதை என் விரல்களுக்கிடையே செருகி
உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.
அவள் விரலும் மடங்கவில்லை.

மறுநாள் ரென்ஷா சொன்னார்:
படையாச்சி, ஒரு தட்டு, கிளம்சி.
எழுதினேன். வேறென்ன செய்வேன்,
எனக்கும் வாடகை இருக்கிறது.
சொல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
எழுந்து போய்
கதவிலிருந்த வெப்பமானியைப் பார்த்துவந்து
எண்ணைப் போட்டேன்.

மாதக் கடைசியில் பேரேட்டைத் திருப்பியவர்
அதில் விரல் வைத்தார்.
“பதினெட்டா? பிடித்தம் இருபதல்லவா?”
எண் சரிதான், சார் என்றேன்.
குரல் கொஞ்சம் இடறியது.